வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

நெய்வேலிப் பக்கம் போனால் பெரியம்மாவைப் பார்க்காமல் நான் திரும்புவதில்லை. அவள் மகன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான். நகரியத்தில் ஒரு குவார்ட்டர்ஸ். முன்னால் வேப்பமரம், பின்னால் பலாமரம். பலா காய்க்கிற காலத்தில் அந்தத் தெரு முழுவதுமே ஒரு பண்டகசாலை மாதிரி மணக்கும். பெரியம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. காது மட்டும் கூர்மை.

சென்ற பொங்கலுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டுப் பையன் ஒருவன் பகல் பதினொரு மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். பதினாலு வயதிருக்கும். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். பையன் பதில் சொல்வதற்குள் அவன் தாயார் வெளியே வந்து, "இல்லை சார், இவனை நாங்கள் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம்" என்றாள். அதில் கொஞ்சம் பெருமிதம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பையனின் திறமை அமுங்கிப் போகிறதாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று 1989இலிருந்து இருக்கிறதே, அதன் மூலம் பரீட்சை எழுத வைத்துவிடுவார்களாம். இப்போது படித்தவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள் என்றும் சொன்னாள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "புதுசா என்னத்தைக் கண்டுபிடிச்சுட்டாங்க? எனக்கும் அதுதானே நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வீட்டிலேயே படித்தவர்கள் என்று நாம் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்த வீட்டின் கதவு எந்தப் பக்கம் தாழிடப்பட்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நெய்வேலியிலிருந்து அரைமணி நேரம் பஸ்ஸில் போனால் வடலூர். 1867இல் இராமலிங்க அடிகள் மூட்டிய அடுப்பு தருமசாலையில் இன்னும் அணையவில்லை. தைப்பூசத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்கு அடிகள் பள்ளிக்கூடத்தில் படிக்காதவர் என்பது தெரியும். அந்தக் கதையை எங்கள் பக்கத்தில் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.

1823இல் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்த குழந்தை, கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனாரை இழந்தது. குடும்பம் சென்னைக்கு வந்தது. மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பியைப் படிக்கவைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தாமே சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். தம் ஆசிரியரிடம் அனுப்பிப் பார்த்தார். பையனோ கந்தகோட்டத்து முருகன் சந்நிதியே கதியென்று கிடந்தான். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. 'இவனுக்கு வீட்டில் சோறு போடாதே' என்று மனைவிக்கு உத்தரவு போட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் அவருக்குத் தெரியாமல் பையனுக்குச் சோறு போட்டாள். வீட்டில் திதி நடந்த ஒரு நாள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு ஒளிந்து வந்து சாப்பிடும் பையனைப் பார்த்து அவள் அழுதுவிட்டாளாம். அதற்குப் பிறகுதான், 'எனக்கு மாடியில் ஒரு தனியறை கொடுங்கள், வீட்டிலேயே படிக்கிறேன்' என்று பையன் சொன்னான் என்பார்கள். ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் இருக்கும் அந்த வீட்டு மாடியறையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் முன் விளக்கேற்றி அவன் உட்கார்ந்தான். கண்ணாடியில் தணிகை முருகனைக் கண்டான் என்பது அடியார்கள் சொல்லும் வரலாறு.

கண்ணாடியில் என்ன தெரிந்தது என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கதை எழுதுகிறவனுக்கு வேறொரு விஷயம்தான் கண்ணில் படுகிறது. அந்த அறையைக் கேட்டு வாங்கியவன் பையன். தாழ்ப்பாள் உட்பக்கம் இருந்தது. கந்தகோட்டத்துக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் இறங்கிப் போகலாம். அண்ணன் கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான்.

தாகூரும் அப்படித்தான். 1861இல் பிறந்த அவர் கல்கத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்திலும் நிலைக்கவில்லை. அண்ணன்மாரும் வாத்தியார்களும் வீட்டுக்குள்ளேயே பாடம் நடத்தினார்கள். பெரிய மனிதர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது ஒரு சலுகை. ஆண்பிள்ளை பள்ளிக்கூடத்தை வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேதாவிலாசம் என்று பெயர் வைக்க நாம் தயாராக இருந்திருக்கிறோம்.

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று சொன்ன வீட்டில் பெண்பிள்ளை எப்படிப் படித்தாள்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தகப்பனார் எஸ். நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். இந்த இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே அந்தக் காலத்துப் புதுக்கோட்டையில் அந்த வீட்டின் நிலை எப்படியிருந்திருக்கும் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஐயரின் சொந்தக்காரர்கள் அவரைத் தள்ளிவைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நடிகர் ஜெமினி கணேசனுக்கு அத்தை முறை என்று சொன்னால் சினிமா ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஆனால் அம்மையாரை அப்படி அறிமுகப்படுத்துவது அவருக்கு நியாயமாகாது.

பெண்பிள்ளைக்குச் சலவைக் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும் என்பது அக்காலத்து அளவுகோல். கணக்கு எழுதுகிற அளவு வந்ததும் படிப்பை நிறுத்திவிடலாம். அதற்கு வயது வரம்பு ஒன்றை யாரும் சட்டமாகப் போட வேண்டியிருக்கவில்லை. பெண் பெரியவளானால் பள்ளிக்கூடம் தானாக முடிந்தது. முத்துலட்சுமிக்கும் பதின்மூன்று வயதளவில் அது முடிந்தது. அவ்வளவு கெட்டிக்காரப் பெண்; ஊரில் உயர்தரக் கல்வியை நடத்தியவரின் மகள். ஆனாலும் அந்த வயதில் அவளைத் தெருவில் நடத்திக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைக்க அந்தத் தகப்பனாரால் முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஷேக்ஸ்பியரைத் திறந்துவிட்ட மனிதருக்குத் தம் மகளுக்கு ஒரு கதவைத் திறக்க அதிகாரம் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு அந்தப் பெண்ணைக் காட்டிலும் அந்த மனிதரைப் பற்றித்தான் ஒரு நாவல் எழுதவேண்டும் போலிருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் அத்துடன் விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. தாமும் சொல்லிக்கொடுத்தார், வாத்தியார்களையும் வீட்டுக்கு வரவழைத்தார். தாயாருக்கு இதில் சம்மதமில்லை. அந்த அம்மாளுக்குக் கல்யாணக் கவலை. அவளைக் குறைசொல்லி எழுதுவது சுலபம். ஆனால் அவள் பிறந்த குலத்துப் பெண்களுக்கு ஊர் என்ன எதிர்காலத்தை வைத்திருந்தது என்பது அவளுக்குத் தெரியும். மகளுக்கு ஒரு கணவன், ஒரு வீடு, குங்குமம் என்று எவ்வளவு சீக்கிரம் ஆகுமோ அவ்வளவு சீக்கிரம் ஆகிவிட வேண்டும் என்று ஒரு தாய் தவித்தால் அதில் என்ன ஆச்சரியம்? படிப்பு வேண்டும் என்ற தகப்பனாருக்கும் கல்யாணம் வேண்டும் என்ற தாயாருக்கும் நடுவில் அந்தப் பெண் பாடம் படித்தாள்.

அந்த நாளில் மெட்ரிகுலேஷன் என்பது சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய பரீட்சை. கல்லூரிக்குள் நுழைய அதுதான் வாசல். பள்ளியில் சேராதவர்களும் தனியாகப் பணம் கட்டி எழுதலாம். இந்தச் சின்னச் சந்து இல்லாவிட்டால் எத்தனை பெண்களின் சரித்திரம் அடுப்பங்கரையிலேயே முடிந்திருக்கும்! பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு எழுதியவள் பெரியவளாகிவிட்டாளா, அவள் தாயார் எந்தக் குலம் என்பதெல்லாம் தெரியாதல்லவா? 1902இல் முத்துலட்சுமி தேறினாள்.

தேறியது வீட்டுக்குள் இருந்தபடி. அடுத்த படிப்பு வீட்டுக்குள் நடக்காது. மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பம் போயிற்று. ஊரில் இரைச்சல் கிளம்பியது. பிள்ளைகளின் மனம் கெட்டுவிடும் என்றார்கள். எங்கள் பையன்களை நிறுத்திக்கொள்வோம் என்று சில பெற்றோர் மிரட்டினார்கள். பெண் என்பது ஒரு குற்றம். இன்னாள் மகள் என்பது இரண்டாவது குற்றம். கடைசியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். சமஸ்தானங்களைப் பற்றி எவ்வளவோ குறை பேசுகிறோம். ஒரே ஒரு மனிதரின் விருப்பப்படி எல்லாம் நடப்பதில் இப்படி ஒரு நன்மையும் எப்போதாவது நேர்ந்துவிடுகிறது.

சேர்ந்த பிறகு என்ன நடந்தது? மூடிய வண்டியில் கல்லூரிக்கு வருவாள். வகுப்பில் அவளுக்கும் பையன்களுக்கும் நடுவே ஒரு திரை. வீட்டை விட்டு வெளியே வந்தாயிற்று என்று பெயர். வீட்டின் சுவர் மட்டும் அவளோடு கூடவே வந்து வகுப்பில் உட்கார்ந்திருந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தப்பான பதில் சொல்வது காதில் விழும். வாத்தியார் அதட்டுவது கேட்கும். 'இது எனக்குத் தெரியுமே!' என்று அந்தப் பெண்ணின் மனம் ஒரு தடவையாவது துள்ளாமல் இருந்திருக்குமா?

1907இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். பின்னால் நடந்தவை பாடப் புத்தகங்களில் இருக்கின்றன. 1927இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரானதும், தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியதும், அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியதும், அடையாற்றில் அவ்வை இல்லமும் 1954இல் புற்றுநோய் மருத்துவமனையும் எழுந்ததும் நமக்குத் தெரியும். அவ்வை இல்லத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தங்குமிடம் இல்லாத பெண்களுக்காக வீட்டுக்குள் வீட்டை உண்டாக்கியவர் அவர். அந்த வீட்டுக்குள்ளே பள்ளிக்கூடத்தையும் வைத்தார். தமக்குக் கிடைத்த படிப்பையும் கிடைக்காத தோழமையையும் அவர் மறக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அதே 1886ஆம் ஆண்டு, ஆகஸ்டு 18ஆம் தேதி, பத்தொன்பது நாள் வித்தியாசத்தில் மயிலாப்பூரில் இன்னொரு பெண் பிறந்தாள். சுப்பலட்சுமி. பதினொரு வயதளவில் கல்யாணம். சில நாட்களுக்குள் கைம்மை. கணவன் முகம் ஞாபகம் இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. சம்பிரதாயப்படி அந்தக் குழந்தையை மூலையில் உட்கார வைத்திருக்க வேண்டும். தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் அவளை மூலையில் உட்கார வைக்கவில்லை. தம் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் சொன்னார். பிறகு கான்வென்டுக்கு அனுப்பினார். 1911இல் அவள் மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினாள். தாம் பெற்றதைப் பிறருக்குக் கொடுக்க, இளம் விதவைகளைச் சேர்த்து ஒரு விடுதி தொடங்கி, கடற்கரை ஐஸ்ஹவுஸ் கட்டிடத்தில் அவர்களைப் படிக்க வைத்தாள். சகோதரி சுப்பலட்சுமி என்று சென்னை அவளைக் கொண்டாடியது.

புதுக்கோட்டையில் ஒரு தகப்பனார், சென்னையில் ஒரு தகப்பனார். இருவரும் இங்கிலீஷ் படித்தவர்கள். இருவருமே ஊரோடு நேருக்கு நேர் மோதுகிற சுபாவக்காரர்கள் என்று சொல்ல முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஊருக்கு விரோதமான காரியத்தைச் செய்தார்கள். சீர்திருத்தம் மேடையில்தான் நடந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கூடத்து ஊஞ்சல்களை மறந்துவிடுகிறார்கள்.

தகப்பனாரின் துணையும் இல்லாமல், வாத்தியாரும் இல்லாமல் படித்தவர்கள் உண்டா என்றால், நம் எழுத்துலகத்திலேயே ஒருவர் இருந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணியில் வாழ்க்கைப்பட்டார். பள்ளிக்கூடத்து வாசற்படியையே மிதித்ததில்லை. அவருடைய பள்ளிக்கூடம் புக்ககம்தான். கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துக்கொண்டு போவார். பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்து அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு இவர் கதை சொல்லுவார். கதை பிரவாகமாக வந்தது; எழுதத்தான் கை பழகவில்லை. முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை இவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினாள். எழுதவும் அந்தத் தோழியிடமே கற்றுக்கொண்டார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, 1960இல் காலமானார். அவர் கதைகளை இன்றைய விமரிசகர்கள் மதிப்பதில்லை. எனக்கும் அவற்றில் பல ருசிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டம்மாள் எழுதுகோலைப் பிடித்து உட்கார, பக்கத்தில் கோதைநாயகி கதை சொல்லிக்கொண்டிருந்த அந்த மத்தியானங்களை நினைத்தால், நான் படித்த எந்த வகுப்பும் அதற்கு ஈடாகத் தோன்றவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு பட்டம்மாள் கிடைக்கவில்லை.

1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது என்பதும், அதுதான் பழுப்பு நிலக்கரி என்பதும் நெய்வேலிப் பிள்ளைகள் எல்லோரும் சொல்லுகிற கதை. 1956இல் நிறுவனம் ஏற்பட்டது. 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்தார். 1961இல் கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் மின்சாரம் வந்தது. எங்கள் தாத்தா அந்த ஆரம்ப நாட்களில் வேலைக்குச் சேர்ந்தவர். ரஷ்ய என்ஜினீயர்கள் காரில் போவதையும், ஜெர்மன் யந்திரங்கள் பூமியை அள்ளிக் கொட்டுவதையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். உலகமே மாறிவிட்டது என்று பேசுவார். 1965இல் மூத்த மகள் பெரியவளானாள். மறுநாளே அவளுடைய பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. நிறுத்தியது பாட்டி என்று தாத்தா சொல்வார். தாத்தா என்று பாட்டி சொல்வாள். முத்துலட்சுமி பள்ளியை விட்டு அறுபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது. பாரதத்தின் பிரதம மந்திரியாக ஒரு பெண் வருவதற்குச் சில மாதங்களே இருந்தன.

பள்ளிக்கூடம் தெருக்கோடியில்தான். மகள் அழுது நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்த பிறகு, 'வீட்டிலேயே படி, பரீட்சைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்று தாத்தா இறங்கிவந்தார். ஷிப்டு முடிந்து வரும்போது யார் யாரிடமோ கேட்டுப் பழைய புத்தகங்களை வாங்கி வருவார். கணக்கு மட்டும் பக்கத்துவீட்டு அம்மாள் ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். 1969இல் கடலூரில் தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, முதல் தடவையிலேயே பெரியம்மா தேறிவிட்டாள். மறுவருஷம் கல்யாணம். இது எங்கள் குடும்பத்தில் ஒரு வெற்றிக் கதை. நானே இரண்டு சிறுகதைகளில் இதைப் பயன்படுத்திக்கொண்டு நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன்.

அன்றைக்கு உள்ளே போன பெரியம்மாவிடம் போய் உட்கார்ந்து, "நீங்கள்தான் தேறிவிட்டீர்களே, இன்னும் என்ன மனத்தாங்கல்?" என்று கேட்டேன்.

"தேறினேன்டா. ஆனா நான் கெட்டிக்காரியா, சுமாரான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பக்கத்துல ஒருத்தி உட்கார்ந்தாத்தானே தெரியும்? உன் கதையிலே என்னைப் பெரிய படிப்பாளியா எழுதியிருந்தே. படிச்சேன். இது யாருடா இவ, நமக்குத் தெரியாதவன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்குச் சுரீர் என்றது. அந்த இரண்டு கதைகளிலும் பரீட்சை முடிவு வந்த நாளைத்தான் விஸ்தாரமாக எழுதியிருந்தேன். அந்த நான்கு வருஷங்களையும் ஒரே பாராவில் தாண்டியிருந்தேன். அந்த நாட்கள் எப்படிப் போயின என்று நான் கேட்டதே இல்லை.

இதற்குள் எதிர்வீட்டுப் பையன் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டான். பெரியம்மாவின் பேச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பாட்டி, நீங்களும் வீட்டிலேதான் படிச்சீங்களா? டைம்டேபிள் எல்லாம் உண்டா?"

"உண்டே. பள்ளிக்கூடத்து மணி சமையலறைக்குக் கேக்கும். முதல் மணி அடிச்சா தமிழை எடுப்பேன். அடுத்த மணிக்குத் தமிழை மூடிட்டு இங்கிலீஷ். அடுப்புல என்ன இருந்தாலும் மணி அடிச்சா புஸ்தகத்தை மாத்திடுவேன். பிரேயருக்குக்கூட எழுந்து நிப்பேன், எங்கம்மா பாக்காதப்ப."

பையன் சிரித்தான். பிறகு சற்று யோசித்துவிட்டு, "விளையாட்டு பீரியட் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

"கொல்லையிலே பலாமரத்தைச் சுத்தி வருவேன்" என்றாள் பெரியம்மா. "மறு மணி அடிக்கிற வரைக்கும்."